ஏரியலைப் பிடுங்கு: கரங்கானிலிருந்து கோத்தா கோலா மூடாவுக்கு ஒரு கல்யாணப் பயணம்

என் தங்கை மகன் போன மாதம் ஒரு பழைய வேனை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினான். வண்டியோடு வந்த ரேடியோ அதில் அப்படியே இருக்கிறது. கேசட் போட வாய் கிடையாது, வேறெதையும் சொருக ஓட்டையும் கிடையாது. “பெரியம்மா, என் போன்ல உள்ள பாட்ட இதுல எப்படிப் போடறது? நீங்க அந்தக் காலத்துலயே செஞ்சீங்களாம், அம்மா சொன்னாங்க” என்றான். அம்மா சொன்னாளாம்! அவள் எந்தப் பாதியைச் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அதனால் முழுவதையும் நானே எழுதிவிடுகிறேன். மலேசியாவின் கெடா மாநிலத்தில் கரங்கானிலிருந்து கோத்தா கோலா மூடாவுக்கு வண்டியில் போக நினைப்பவர்களுக்கும் உதவும், பழைய ரேடியோவில் கைவைக்க நினைப்பவர்களுக்கும் உதவும்.

எண்பதுகளின் நடுப்பகுதி, வைகாசி மாதம். என் தங்கை மல்லிகாவுக்குக் கல்யாணம். நாங்கள் இருந்தது கரங்கானுக்கு உள்ளே ஒரு கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில். மாப்பிள்ளை கோத்தா கோலா மூடாவில், மீனுக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கும் ஆலையில் வேலை பார்த்தார். அங்கே கடலோரத் தென்னந்தோட்டத்துக்குள் ஒரு சின்ன அம்மன் கோயில். அதில்தான் முகூர்த்தம், காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். பெண்ணை நாங்கள் அழைத்துக்கொண்டு போக வேண்டும்.

பண்டார் பாரு பக்கத்து மேளக்காரர்களைச் சொல்லி வைத்திருந்தோம். கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் நாதஸ்வரக்காரருக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். கெடாவில் அன்றைக்குத் திரும்பின பக்கமெல்லாம் கல்யாணம். வேறு செட் கிடைக்கவில்லை. மைக் செட்டும் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் அந்தக் கோயிலில் பகலில் கரண்ட் கிடையாது. தோட்டத்து ஜெனரேட்டர் சாயங்காலம்தான் ஓடும்.

மேளம் இல்லாவிட்டால் என்ன, தாலியைக் கட்டிவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். மாப்பிள்ளையை வளர்த்தது அவருடைய அத்தை, அஞ்சலை. அந்த அம்மாள் சொல்லி அனுப்பிய வார்த்தை இது: “கெட்டி மேளம் கேக்காம தாலி ஏறுனா, அந்தப் பொண்ணு என் வீட்டு வாசப்படிய மிதிக்க வேணாம்.” தாலி ஏறும் நேரத்தில் தும்மலோ, அழுகையோ, யாரோ யாரையோ திட்டுவதோ பெண் காதில் விழக் கூடாது. அதை அமுக்கத்தான் கெட்டி மேளம். நான் அதை நம்பினேனா என்பது வேறு விஷயம். அந்த வீட்டில் வாழப்போகிறவள் மல்லிகா. முதல் நாளே ஒரு குறையோடு உள்ளே போனால் ஆயுசுக்கும் குத்திக் காட்டுவார்கள்.

மல்லிகாவுக்கு மேளத்தைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. “அக்கா, தாலி கட்டறப்ப நீதான் என் ஜடையத் தூக்கிப் பிடிக்கணும். வேற யாரும் தொடக் கூடாது.” அம்மா செத்தபோது அவளுக்கு ஏழு வயது. அதிலிருந்து அவளுக்குத் தலை பின்னிவிட்டது நான்தான். எனக்குக் கல்யாணமாகி அடுத்த லயத்துக்குப் போன பிறகும், காலையில் சீப்பைத் தூக்கிக்கொண்டு வந்து முன்னால் உட்கார்ந்துவிடுவாள். தாலிக்கு ஜடையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். மனசுக்குள் எத்தனையோ தடவை பிடித்துப் பார்த்துவிட்டேன்.

என்னிடம் ஒரு வாக்மேன் இருந்தது, இடுப்பில் மாட்டிக் காதில் கேட்கும் சின்னக் கேசட் பெட்டி. என் கல்யாணத்தில் பதிவு செய்த கேசட்டும் இருந்தது. வாசித்தது அதே பண்டார் பாரு மேளம்! கெட்டி மேளம் அதில் நன்றாக விழுந்திருந்தது. ஆனால் காதில் மாட்டிக் கேட்கிற சத்தத்தை ஊருக்கு எப்படிக் கேட்க வைப்பது? வீட்டிலிருந்த பெரிய ரேடியோவில் போடலாம்தான், ஆனால் அது கேசட்டைத் தின்னும். முகூர்த்த நேரத்தில் நாடா சிக்கிக்கொண்டால் அஞ்சலை அத்தை என்னைத் தின்றுவிடுவார்.

அப்போதுதான் அந்தோணி அண்ணன் வேன் ஞாபகம் வந்தது. எங்கள் தோட்டத்துப் பெண்களைப் பிறையிலுள்ள பேக்டரிக்குத் தினமும் ஏற்றிப்போகும் வேன். அதில் புது ரேடியோ, கேசட் போட வாயில்லாவிட்டாலும் நாலு ஸ்பீக்கர். கல்யாணத்துக்குப் பெண்ணை ஏற்றிப்போகவும் அதைத்தான் பேசியிருந்தோம். கோயில் பக்கத்தில் நிறுத்திக் கதவுகளைத் திறந்து வைத்தால் ஊர் முழுக்கக் கேட்கும்.

நான் வேலை பார்த்தது ரேடியோ செய்யும் பேக்டரியில். உடனே என்னைப் பெரிய ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். வரிசையில் எட்டாவது ஆள் நான். வால்யூம் கன்ட்ரோலின் மூன்று கால்களுக்கும் நாள் பூராவும் ஈயத்தை உருக்கி சோல்டர் வைப்பேன். ஏழாவது ஆள் என்ன வைத்தாள், ஒன்பதாவது ஆள் என்ன வைப்பாள், எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள விடவும் மாட்டார்கள். ஆனால் அந்த மூன்று கால்களைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்: ஒன்று பாடிக்கு, ரேடியோவின் தகரக் கூட்டுக்குப் போவது, நடுவில் இருப்பது சத்தம் வெளியே போவது, மூன்றாவது சத்தம் உள்ளே வருவது. உள்ளே வருகிற காலில் வாக்மேன் ஒயரைக் கொண்டுபோய் வைத்தால் வேலை முடிந்தது என்று கணக்குப் போட்டேன்.

அந்தோணி அண்ணன் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. “தங்கச்சி, என் ரேடியோவுல ஒரு ஒயரக்கூட வெட்டக் கூடாது, சொல்லிட்டேன். வெட்டுன, திங்கக்கெழம நீ பேக்டரிக்கு நடந்துதான் போகணும்லா.”

“வெட்டலண்ணே. சும்மா ஒட்ட வைக்கிறதுதான்.”

“ஒட்டு. எங்க கோயில்லயெல்லாம் மணி அடிச்சா முடிஞ்சிரும். உங்களுக்குத்தான் இவ்ளோ கூத்து.”

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் லயத்தில் கரண்ட் வந்ததும் வேலையை ஆரம்பித்தேன். ரேடியோவின் திருகுகளைக் கழற்றி, முன்னால் இழுத்து, மேல் மூடியைத் திறந்தேன். என் வாக்மேன் ஹெட்போன் ஒயரைத்தான் வெட்ட வேண்டியிருந்தது, வயிறு எரிந்தது. இரண்டு காது ஒயரையும் சேர்த்து முறுக்கி, ரேடியோ கரண்ட் வாக்மேனுக்குள் போகாமல் தடுக்க நடுவில் ஒரு கெப்பாசிட்டர் போட்டு, மூன்றாவது காலில் சோல்டர் வைத்தேன். வெறும் செம்பு ஒயரைப் பாடியில் வைத்தேன். வாக்மேனைத் தட்டினேன். நாலு ஸ்பீக்கரிலும் என் கல்யாண மேளம்! பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். அந்தோணி அண்ணன் தலையை ஆட்டினார்.

ஒரு தொல்லை மட்டும் இருந்தது. ஒயரை வெட்டாததால் ரேடியோவும் கூடவே பாடியது. மேளத்துக்கு நடுவே ஒருவர் செய்தி வாசித்தார். “ஸ்டேஷன் இல்லாத எடமாப் பாத்து முள்ள வை” என்றார் அண்ணன். சாயங்காலத்தில் எல்லா இடத்திலும் ஏதோ ஒன்று முனகியது. விடிகாலையில் எழுந்து மறுபடி பார்த்தோம். இடது ஓரத்தில் ஓரிடம் சுத்தமாகக் காலி, மூச்சுச் சத்தம்கூட இல்லை. மறந்துவிடக் கூடாதே என்று என் நெற்றியிலிருந்த ஒட்டுப் பொட்டை எடுத்து அந்த இடத்துக்கு நேராகக் கண்ணாடியில் ஒட்டினேன். யாராவது முள்ளைத் திருப்பிவிட்டாலும் பொட்டுக்கு நேரே வைத்தால் போதும்.

ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். வேனில் மல்லிகா, நான், அப்பா, சொந்தக்காரப் பெண்கள், சீர்த் தட்டுகள். அப்போதெல்லாம் நாங்கள் மைலைக் கட்டை என்றுதான் பேசுவோம், மொத்தம் ஐம்பது கட்டை என்றார் அண்ணன். இன்றைய கணக்கில் எண்பது கிலோமீட்டர். தோட்டத்துச் செம்மண் சடக்கில் கரங்கான் வரைக்கும் வேன் ஆடிய ஆட்டத்தில் தட்டிலிருந்த ஆரஞ்சுப் பழமெல்லாம் என் மடிக்கு வந்துவிட்டது. கரங்கான் தாண்டித் தார் ரோடு. இரண்டு பக்கமும் ரப்பர்ப் பால் மரம், அப்புறம் எண்ணெய் எடுக்கும் செம்பனை, மறுபடியும் பால் மரம். கூலிம் வந்தபோது மேளத்தை ஒருமுறை போட்டுப் பார்த்தோம். சுத்தமாகக் கேட்டது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாடாங் செராயில் ஒரு கடையில் நிறுத்திப் பசியாறினோம். ரொட்டி சானாயும் கோப்பியும், கல்யாணப் பெண்ணுக்கு வெறும் கோப்பி. அண்ணன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே தன் புது ஏரியலைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். “போன மாசம் தோட்டத்து மாடு இடிச்சுப் பழச ஒடச்சிருச்சு. ரேடியோ ஊமையாயிருச்சு தங்கச்சி, ஒண்ணுமே எடுக்கல. இது வேற மாதிரி. கடல் தாண்டி எடுக்கும்னு கடக்காரன் சொன்னான்.” நான் கேட்டும் கேட்காமலும் தலையாட்டினேன். மல்லிகாவின் ஜடையில் பூ சரிந்திருந்தது, அதைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

சுங்கை பட்டாணி வரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. தீக்காம் பத்து என்ற ஊரைத் தாண்டியதும் பின் டயர் போனது. ஸ்பேர் டயரிலும் காற்றில்லை! எனக்கு வந்த கோபத்துக்கு அந்தோணி அண்ணனைப் பெயர் சொல்லியே திட்டியிருப்பேன், கல்யாணப் பெண் பக்கத்தில் இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். ஒரு மீன் லாரிக்காரர் இறங்கி உதவி செய்து, டயரைத் தூக்கிக்கொண்டு போய் ஒட்டி வந்து மாட்டுவதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. அங்கிருந்து வயல். வயலைத் தாண்டியதும் காற்றில் கருவாட்டு வாடை. கோத்தா கோலா மூடா வந்துவிட்டது என்று மூக்கே சொல்லிவிடும்.

கோயிலுக்கு முன்னால் வேன் நின்றபோது ஒன்பது ஐம்பது. மாப்பிள்ளை வீட்டார் ஆரத்தி எடுத்த கையோடு பெண்ணை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். வேனைப் பந்தலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, கதவுகளைத் திறந்து வைத்தோம். கேசட்டைக் கெட்டி மேளத்துக்குச் சரியாக நிறுத்தி வைத்திருந்தேன். “அண்ணே, பூசாரி கையத் தூக்குவாரு. நீங்க இந்தப் பட்டன அமுக்குங்க, அவ்ளோதான்” என்று சொல்லிவிட்டு மேடைக்கு ஓடினேன். முள் பொட்டுக்கு நேராக இருந்ததைப் பார்த்தேன். போட்டுப் பார்க்க நேரமில்லை.

மல்லிகாவுக்குப் பின்னால் போய் நின்றேன். ஜடையை இரண்டு கையாலும் தூக்கினேன். அவள் திரும்பாமலே, “வந்துட்டியாக்கா?” என்றாள். “வந்துட்டேன்” என்றேன். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். பூசாரி கையைத் தூக்கி, “கெட்டி மேளம், கெட்டி மேளம்!” என்றார்.

மேளம் வந்தது. கூடவே ஒரு ஆள் வந்தான். எந்த ஊர் பாஷையோ, கனத்த குரலில் எதையோ விற்கிறான், நடுநடுவே சிரிக்கிறான். பின்னால் ஒரு பெண் பாடுகிறாள். தவிலுக்கு மேலே அந்தச் சிரிப்பு! பந்தலில் இருந்தவர்கள் வேனைத் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளைகள் கெக்கலி கொட்டினார்கள்.

“நிறுத்துடா, கட்டாத!” என்று கத்தினார் அஞ்சலை அத்தை. மாப்பிள்ளையின் கை மல்லிகாவின் கழுத்துக்கு முன்னால் அப்படியே நின்றது. “என்னாது இது? தாலி ஏறுற நேரத்துல எவனோ சிரிக்கிறான்?”

கரங்கானில் காலியாக இருந்த இடம் கடலோரத்தில் காலியாக இருக்காது. தோட்டத்துக்காரர்களான எங்களுக்கு அது எப்படித் தெரியும்? கடலுக்கு அந்தப் பக்கத்து ஊர்களெல்லாம் இங்கே வந்து விழுகின்றன. அண்ணன் முள்ளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவது மேடைக்கே கேட்டது. போன இடமெல்லாம் ஒரு ஆள்.

“முகூர்த்தம் முடியப்போகுது, பத்து நிமிசந்தான்” என்றார் பூசாரி. என் கையில் மல்லிகாவின் ஜடை. நான் அதை விட்டால்தான் இது நடக்கும், விடாவிட்டால் நடக்காது. யோசிக்க என்ன இருக்கிறது? பக்கத்தில் நின்றிருந்த அஞ்சலை அத்தையின் கையைப் பிடித்து இழுத்து ஜடையை அதில் வைத்தேன். “இதப் பிடிங்க. நான் வர்ற வரைக்கும் விடாதீங்க” என்றேன்.

பட்டுச் சேலையோடு ஓடினேன். “ஏரியல எறக்குங்கண்ணே!” என்று கத்தினேன். மாடு இடித்து ஏரியல் உடைந்தபோது ரேடியோ ஊமையானது என்று அவர் காலையில் சொன்னது அந்த ஓட்டத்தில்தான் மண்டையில் உறைத்தது. அவர் இறக்கினார். அந்த ஆளின் சத்தம் குறைந்தது, ஆனால் போகவில்லை. ரேடியோவுக்குப் பின்னால் ஏரியல் ஒயர் சொருகியிருக்கும் இடத்திலிருந்தே அதைப் பிடுங்க வேண்டும். டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துத் தலையை உள்ளே விட்டேன், கால் இரண்டும் கதவுக்கு வெளியே. தடித்த கறுப்பு ஒயர் ஒன்று பக்கவாட்டில் வந்து சொருகியிருந்தது. இழுத்தேன், வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு இழுப்பு.

அந்த ஆள் பட்டென்று செத்துப்போனான். மேளமும் செத்துப்போனது!

இழுத்த வேகத்தில் நான் வைத்த சோல்டர் விட்டுப்போயிருந்தது. செம்மண் சடக்கில் ஆடி ஆடி ஏற்கெனவே தளர்ந்திருக்க வேண்டும். விரலை உள்ளே விட்டுத் தடவினேன். மூன்று கால். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்றேனே, கண்ணை மூடிக்கொண்டுதான் செய்தேன். மூன்றாவது காலில் ஒயரை வைத்துக் கட்டைவிரலால் அமுக்கினேன். தவில் சத்தம் பளிச்சென்று வந்தது. விரலைக் கொஞ்சம் எடுத்தேன், போனது. மறுபடி அமுக்கினேன், வந்தது.

“அண்ணே, முதல்லருந்து போடுங்க! கட்டச் சொல்லுங்க! நான் வர முடியாது!”

“நீ அக்கா இல்லியா, நீ போகாம எப்படி?”

“கட்டச் சொல்லுங்கண்ணே!”

அவர் கேசட்டைப் பின்னால் சுற்றி வைத்துவிட்டு மேடையைப் பார்த்துக் கையைக் காட்டினார். பூசாரி மறுபடியும் கெட்டி மேளம் என்றார். நாலு ஸ்பீக்கரும் அலறின. எனக்குத் தெரிந்ததெல்லாம் ரேடியோவின் அடித்தகடும் என் கட்டைவிரலும்தான். ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு, மூன்று முடிச்சு என்று நானாக நினைத்துக்கொண்டேன். அழுகை வந்தது. துடைக்கக் கை இல்லை, காதுக்குள் வழிந்தது. கால் மேல் ஏதோ பொலபொலவென்று விழுந்தது. அந்தோணி அண்ணன் தன் கையிலிருந்த அட்சதையை என் கால் மேல் போட்டிருந்தார். “ஏறிருச்சு தங்கச்சி. ஏறிருச்சு” என்றார்.

கேசட்டை நிறுத்த எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. மேளம் முடிந்ததும் என் கல்யாணத்துக்கு வந்திருந்த யாரோ ஒரு தாத்தா இருமிவிட்டு, “வெத்தல எங்கப்பா?” என்று நாலு ஸ்பீக்கரிலும் கேட்டார். பந்தலே சிரித்தது. அஞ்சலை அத்தையும் சிரித்தார் என்று அப்புறம் சொன்னார்கள். அவர் கையில் ஜடை அப்படியே இருந்ததாம். நான் வருகிற வரைக்கும் விடவில்லை.

இனி போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். இன்று கரங்கானிலிருந்து கோத்தா கோலா மூடாவுக்கு ஒன்றரை மணி நேரம் போதும், காலை ஏழுக்கு முன்னால் கிளம்பினால் கூலிமில் நெரிசல் இருக்காது. பாடாங் செராயில் பசியாறிவிடுங்கள், தீக்காம் பத்து தாண்டினால் அந்தக் காலத்தில் ஒன்றும் கிடைக்காது, இப்போதும் என்னைக் கேட்டால் பாடாங் செராய்தான். ஸ்பேர் டயரில் காற்று இருக்கிறதா என்று நீங்களே அழுத்திப் பாருங்கள், டிரைவர் சொல்வதை நம்பாதீர்கள். மீன் வாங்குவதென்றால் படகு வரும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் வாடையை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புவீர்கள்.

பழைய ரேடியோவில் கைவைப்பவர்களுக்கு: என் தங்கை மகனுக்குச் சொன்னதையே சொல்கிறேன். வால்யூம் கன்ட்ரோலில் சத்தம் உள்ளே வருகிற காலில் ஒயரை வையுங்கள், நடுவே கெப்பாசிட்டர் போடுங்கள், பாடியை மறக்காதீர்கள். சோல்டர் வைத்த பிறகு ஒயரைப் பக்கத்தில் எதிலாவது கட்டிவிடுங்கள், இழுபட்டால் கட்டுத்தான் இழுபட வேண்டும், கால் அல்ல. ஏரியலை வீட்டிலேயே பிடுங்கிவிட்டுக் கிளம்புங்கள். போய்ச் சேர்ந்ததும் ஒருமுறை போட்டுப் பாருங்கள், எவ்வளவு நேரமாகியிருந்தாலும். முக்கியமாக, மேடையில் நிற்க வேண்டிய ஆள் இந்த வேலையை எடுத்துக்கொள்ளக் கூடாது. வேறு யாரிடமாவது சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

மல்லிகாவின் கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டும் படம் இருக்கிறது. முன்னால் மாப்பிள்ளை, மல்லிகா, ஜடையைப் பிடித்துக்கொண்டு முறைக்கும் அஞ்சலை அத்தை. பின்னால், பந்தல் காலுக்கு அந்தப் பக்கம், ஒரு வேன் கதவு திறந்திருக்கிறது. அதிலிருந்து மெட்டி போட்ட இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பார்க்கிறவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் அந்தத் தாலி ஏறியதை நான் பார்க்கவில்லை என்ற குறை எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய்.

அன்றைக்குச் சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போது மல்லிகா வேன் ஜன்னலுக்கு வந்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் என் கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்தாள், ஒயர் குத்திய இடம் கன்றிப்போயிருந்தது.

“ஜடையில உன் கை இல்லன்னு தெரிஞ்சுதுக்கா. பயமாயிருந்துச்சு” என்றாள். “அப்புறம் மேளம் வந்துச்சு. சரி, அக்கா வந்துட்டான்னு தலையக் குனிஞ்சுட்டேன்.”